சீக்கிரம் படுத்தால் தூக்கம் சீக்கிரம் வருமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தூக்கம் வராதவர்களுக்கு என்று பத்திரிகைகளிலும் வாட்ஸ்அப்பிலும் வரும் குறிப்புகள் பெரும்பாலும் எதைச் சாப்பிடலாம், எதைக் குடிக்கலாம் என்பதோடு நின்றுவிடுகின்றன. பாலில் கசகசா, ஜாதிக்காய்ப் பொடி, அமுக்கரா சூரணம், வாழைப்பழம் என்று பட்டியல் நீளும். மாதக்கணக்கில் தூக்கம் கெட்டுப்போனவருக்கு இவை போதாது. மருந்தே இல்லாமல் அவருக்கு உதவக்கூடிய, நன்றாகச் சோதித்துப் பார்க்கப்பட்ட ஒரு முறை இருக்கிறது: படுக்கும் நேரத்தையும் படுக்கைப் பழக்கத்தையும் மாற்றித் தூக்கத்தைத் திருத்தும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (ஆங்கிலத்தில் சிபிடி-ஐ). நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரையைவிட இதைத்தான் முதலில் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016-இலும், ஐரோப்பியத் தூக்க ஆய்வுச் சங்கம் 2017-இலும் வழிகாட்டுதல் வெளியிட்டன. நம் கடலூர், புதுச்சேரிப் பக்கம் இதைப் பற்றிய பேச்சே எழுவதில்லை. ஆகவேதான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் எது தூக்கமின்மை என்று பார்த்துவிடலாம். படுக்க நேரமும் இடமும் இருந்தும் தூக்கம் வராமல் போவது, அல்லது நடுவில் கலைந்து திரும்ப வராமல் போவது, அதனால் மறுநாள் பகல் கெடுவது. இது வாரத்தில் மூன்று இரவாவது நடந்து, மூன்று மாதம் நீடித்தால் அதை நாள்பட்ட தூக்கமின்மை என்கிறார்கள். இரவு பதினொன்றரைக்குப் பாத்திரம் கழுவி முடித்து, காலை நாலரைக்குத் தண்ணீர் பிடிக்க எழும் பெண்ணுக்கு வந்திருப்பது இந்த நோய் அல்ல. அவருக்குத் தூங்க நேரமில்லை. அவர் வீட்டில் வேலையைப் பகிர்ந்துகொண்டால்தான் தீரும். பாலும் மூலிகையும் தீர்க்காது.

தூக்கம் ஏன் ஒருமுறை கெட்டால் கெட்டே கிடக்கிறது என்பதற்கு நம் ஊரிலேயே உதாரணம் உண்டு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. அடுத்த இரண்டு நாளில் தென்பெண்ணை வெள்ளம் கடலூரில் வீடுகளுக்குள் புகுந்தது. அப்படிப்பட்ட இரவில் யாருக்கும் தூக்கம் வராது, வரவும் கூடாது. அடுத்த சில வாரங்களில் பெரும்பாலோருக்குத் தூக்கம் தானாகத் திரும்பிவிடும். சிலருக்குத் திரும்பாது. அவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்று விசாரித்தால் ஏறத்தாழ ஒரே பதில்தான் வரும்: இழந்த தூக்கத்தை ஈடுகட்ட எட்டரைக்கே படுத்திருப்பார்கள், காலையில் எழுந்திருக்காமல் ஏழரை வரை கிடந்திருப்பார்கள், மதியம் ஒரு மணி நேரம் கண் அசந்திருப்பார்கள். புயல் போய்விட்டது, அதைச் சமாளிக்கத் தொடங்கிய பழக்கம் தங்கிவிட்டது. தூக்கமின்மையைத் தொடங்கிவைப்பது ஒன்று, தொடரவைப்பது வேறொன்று என்று ஆர்தர் ஸ்பீல்மன் என்ற உளவியலாளர் 1980-களிலேயே விளக்கினார். சிகிச்சை இந்த இரண்டாவதைத்தான் பிடிக்கிறது.

உடம்பில் நடப்பதைச் சொன்னால் இது எளிதில் விளங்கும். நாம் விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் தூக்க அழுத்தம் கூடிக்கொண்டே போகிறது. அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்வது அதற்கு ஒரு முக்கியக் காரணம். தூங்கும்போது அது குறையும். இது தவிர, மூளையில் ஓடும் உடல் கடிகாரம் ஒன்று இருக்கிறது. வெளிச்சத்தைப் பார்த்து அது தன்னைச் சரிசெய்துகொள்ளும். அழுத்தம் நிறைந்து, கடிகாரமும் இரவு என்று சொல்லும்போதுதான் ஆழ்ந்த தூக்கம் வருகிறது. மாலை ஐந்துக்கு இரண்டு கை முறுக்கைத் தின்றுவிட்டு இரவு பசியில்லை என்று சொல்வதைப் போலத்தான், மதியம் நான்கு முதல் ஐந்து வரை தூங்கிவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை என்பதும். எண்ணெய் தேய்த்துக் குளித்த நாளில் பகலில் படுக்கக் கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் கண்டிப்பாக இருப்பார்கள். அவர்கள் சொல்லும் காரணம் உடம்புச் சூடாக இருக்கலாம். ஆனால் அன்றிரவு நல்ல தூக்கம் வருவதில் பகலில் படுக்காததற்குப் பெரிய பங்கு உண்டு.

இனி முறைக்கு வருகிறேன். இதற்கு ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

முதல் இரண்டு வாரம் எதையும் மாற்றாமல் குறிப்பு மட்டும் எழுத வேண்டும். காலையில் எழுந்ததும், நேற்று எத்தனை மணிக்குப் படுத்தேன், சுமாராக எப்போது தூக்கம் பிடித்தது, நடுவில் எவ்வளவு நேரம் விழித்திருந்தேன், எப்போது எழுந்தேன் என்று உத்தேசமாக எழுதினால் போதும். இரவில் கடிகாரம் பார்த்துக் குறிக்கக் கூடாது. மணி பார்ப்பதே தூக்கத்தை விரட்டும். இரண்டரை ஆகிவிட்டதே, இன்னும் மூன்று மணி நேரம்தானே என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்தால் நெஞ்சு படபடக்கும். சுவர்க் கடிகாரத்தைத் திருப்பி வையுங்கள், செல்போனை அடுத்த அறையில் வையுங்கள்.

இரண்டு வாரக் குறிப்பிலிருந்து சராசரி எடுங்கள். ஒருவர் இரவு ஒன்பதரைக்குப் படுத்துக் காலை ஐந்தரைக்கு எழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். படுக்கையில் இருந்தது எட்டு மணி நேரம். தூங்கியது சராசரியாக ஐந்தரை. படுத்த நேரத்தில் 69 சதவீதம்தான் தூக்கம். மீதி இரண்டரை மணி நேரம் புரண்டு புரண்டு படுத்து, கவலைப்படுவதற்குப் பழகிய நேரம். இவர் செய்ய வேண்டியது, தூங்கும் ஐந்தரை மணி நேரத்தோடு அரை மணி சேர்த்து ஆறு மணி நேரம் மட்டுமே படுக்கையில் இருப்பது. எழும் நேரம் ஐந்தரை. அது ஞாயிறு, தீபாவளி எதற்கும் மாறக் கூடாது. படுக்கும் நேரம் பதினொன்றரை. அதற்கு முன்னால் எவ்வளவு அசதியாக இருந்தாலும் பாயில் சாயக் கூடாது. குறிப்பில் நான்கு மணி நேரம்தான் தூங்குகிறேன் என்று இருந்தாலும் ஐந்தரை மணி நேரத்துக்குக் கீழே குறைக்க வேண்டாம்.

ஒரு வாரம் கழித்து மறுபடி கணக்குப் பாருங்கள். ஆறு மணி நேரத்தில் ஐந்தேகால் தூங்கியிருந்தால் அது 87 சதவீதத்துக்கும் மேல். 85-ஐத் தாண்டிவிட்டால் படுக்கும் நேரத்தைக் கால் மணி முன்னால் கொண்டுவரலாம், அதாவது பதினொன்றேகால். 80-க்கும் 85-க்கும் நடுவில் இருந்தால் இன்னொரு வாரம் அப்படியே விடுங்கள். 80-க்குக் குறைந்தால் படுக்கையில் இருக்கும் நேரத்தைக் கால் மணி குறையுங்கள், ஆனால் மொத்தம் ஐந்தரை மணி நேரத்துக்குக் கீழே போக வேண்டாம். இப்படி வாரத்துக்குக் கால் மணியாகக் கூட்டிக்கொண்டே போனால், பகல் முழுவதும் தெளிவாக இருக்கிற ஓர் அளவில் வந்து நிற்கும். அது ஆறே முக்காலாகவும் இருக்கலாம், ஏழரையாகவும் இருக்கலாம். எட்டு மணி நேரம் தூங்கியே தீர வேண்டும் என்ற எண்ணத்தை விடுங்கள்.

இது எங்கே கெட்டுப்போகும் என்பதையும் சொல்ல வேண்டும். முதல் பத்துப் பதினைந்து நாள் பகலில் தூக்கக் கலக்கம் அதிகமாகும். அது சிகிச்சை வேலை செய்வதன் அடையாளம், ஆனால் அனுபவிப்பவருக்கு அப்படித் தெரியாது. நான்காவது ஐந்தாவது நாளில் பலர் விட்டுவிடுகிறார்கள். இன்னும் சிலர் இரவு ஒன்பதுக்கு டிவி முன்னால் சோபாவில் அரை மணி கண்ணயர்ந்துவிட்டுப் பதினொன்றரைக்குப் படுக்கப் போவார்கள். அந்த அரை மணியில் சேர்ந்திருந்த அழுத்தம் கரைந்துபோகும். ஒன்பது முதல் பதினொன்றரை வரையிலான நேரத்துக்கு முன்கூட்டியே வேலை வைத்துக்கொள்ள வேண்டும்: துணி மடிக்கலாம், மறுநாள் காய் நறுக்கி வைக்கலாம், உட்கார்ந்து பேசலாம், தெருவில் இரண்டு நடை போய் வரலாம். இந்த வாரங்களில் நீண்ட தூரம் வண்டி ஓட்டாதீர்கள், அதுவும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியற்காலையில் வேண்டவே வேண்டாம். பேருந்து, லாரி ஓட்டுநர்கள், உயரத்திலோ இயந்திரத்திலோ வேலை செய்பவர்கள், வலிப்பு நோய் உள்ளவர்கள், இருதுருவ மனநோய் (அளவுமீறிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் நோய்) உள்ளவர்கள் இந்த நேரக் குறைப்பைத் தாங்களாகச் செய்யவே கூடாது. தூக்கம் குறைந்தால் வலிப்பு வரும், மனநோய் கிளம்பும்.

நேரக் குறைப்போடு சேர்த்துச் செய்ய வேண்டிய இன்னொன்றை ரிச்சர்ட் பூட்சின் 1972-இல் முன்வைத்தார். படுக்கை தூக்கத்துக்கு மட்டும், தாம்பத்தியம் ஒன்றே விலக்கு. அங்கே சாப்பாடு, போன், வரவு செலவு, சண்டை எதுவும் கூடாது. கண் சொருகும்போதுதான் படுக்க வேண்டும். உடம்பு வலித்து அலுப்பாக இருப்பது வேறு, கண் சொருகுவது வேறு. அலுப்போடு படுத்தால் விழித்துக்கொண்டே கிடப்பீர்கள். சுமார் இருபது நிமிடம் தூக்கம் வராததுபோலத் தோன்றினால் எழுந்து வெளியே வந்துவிடுங்கள். மங்கலான வெளிச்சத்தில் அலுப்புத் தட்டும் ஒரு வேலையைச் செய்து, கண் சொருகியபின் திரும்பப் படுங்கள். ஒரே இரவில் நான்கு முறை எழ வேண்டி வந்தாலும் எழுங்கள். தனி அறை இல்லை, ஹாலில் எல்லோரும் வரிசையாகப் பாய் விரித்துத்தான் படுக்கிறோம் என்பவர்கள் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு ஒரு நாற்காலியிலோ திண்ணையிலோ உட்காரலாம். முக்கியம், படுத்தபடி போராடாமல் இருப்பது.

நடு இரவில் விழிப்பு வருவதே நோய் என்று பலர் பயப்படுகிறார்கள். தூக்கம் சுமார் தொண்ணூறு நிமிடச் சுற்றுகளாக ஓடுகிறது. சுற்று முடியும் இடங்களில் லேசாக விழிப்பது எல்லோருக்கும் நடப்பது. விழித்ததும் போனை எடுப்பதும் மணி பார்ப்பதும்தான் அதை முழு விழிப்பாக்குகின்றன. வயதானவர்களிடம் இன்னொன்று உண்டு. ஏழரைக்குச் சாப்பாடு, எட்டுக்குப் படுக்கை, மூன்றுக்கு விழிப்பு. மூன்றுக்குப் பிறகு தூக்கமே வருவதில்லை என்று மருத்துவரிடம் சொல்லி மாத்திரை வாங்கிவிடுகிறார்கள். எட்டிலிருந்து மூன்று வரை ஏழு மணி நேரம். அவர் தூங்கி முடித்துவிட்டார். அவருக்குத் தேவை, மாலை வெளிச்சத்தில் வெளியே இருப்பதும், படுக்கும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பத்துக்குத் தள்ளுவதும்தான். மாலை ஐந்து மணிக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரையிலோ புதுச்சேரி கடற்கரைச் சாலையிலோ ஒரு மணி நேரம் இருந்தால் போதும். இதற்கு எதிராக, இரவு இரண்டு வரை தூக்கம் வராத இளைஞர்களுக்குக் காலை வெளிச்சம் வேண்டும். எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் அரை மணி திறந்த வெளியில் இருக்க வேண்டும். குழல்விளக்கு எரியும் அறையில் சில நூறு லக்ஸ் வெளிச்சம்தான் இருக்கும். வெயில் ஏறிய வெளியில் பத்தாயிரத்துக்கும் மேல். ஜன்னலோரம் உட்காருவது அதற்கு ஈடாகாது.

காபியைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்வது சங்கடம்தான், ஆனாலும் சொல்ல வேண்டும். அடினோசின் போய் உட்கார வேண்டிய இடத்தில் காஃபின் உட்கார்ந்துகொள்கிறது, அதனால்தான் தூக்கம் தெரிவதில்லை. 150 மில்லி டிகாக்‌ஷன் காபியில் 80 முதல் 120 மில்லிகிராம், இன்ஸ்டன்ட் காபியில் 50 முதல் 65, டீயில் 30 முதல் 65 மில்லிகிராம் காஃபின் இருப்பதாக ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 உணவு வழிகாட்டி சொல்கிறது. ஒரு நாளைக்கு 300-ஐத் தாண்டக் கூடாது என்றும் சொல்கிறது. உடம்பிலிருந்து பாதி வெளியேறச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். மாலை நான்கு மணிக்கு 100 மில்லிகிராம் போனால் ஒன்பதுக்கு 50, நள்ளிரவு இரண்டுக்கும் 25 மிச்சம் இருக்கும். கர்ப்பிணிகளுக்கும் கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கும் இன்னும் மெதுவாகவே வெளியேறும். தூக்கம் கெட்டவர்கள் மதியம் பன்னிரண்டோடு நிறுத்துவது நல்லது. ஒரேயடியாக விட்டால் இரண்டு நாள் தலைவலி மண்டையைப் பிளக்கும். மாலை டம்ளரை முதலில் பாதியாக்கி, பிறகு நிறுத்துங்கள்.

மதுவும் அப்படித்தான். ஒரு பெக் போட்டால் தூக்கம் வருகிறது என்பது பாதி உண்மை. சீக்கிரம் தூங்க வைக்கும். சில மணி நேரத்தில் இறங்கியதும் பின்னிரவுத் தூக்கத்தைத் துண்டு துண்டாக்கும், குறட்டையைக் கூட்டும். தூக்க மாத்திரையும் மதுவும் சேர்ந்தால் மூச்சு நின்றுபோகலாம்.

நம் கடற்கரை ஊர்களுக்கே உரிய தொல்லை புழுக்கம். தூங்குவதற்கு உடம்பின் உள்வெப்பம் குறைய வேண்டும். கை கால் தோலுக்கு ரத்தம் பாய்ந்து வெப்பம் வெளியேறுவதும், வியர்வை உலர்வதும் அதற்கு வழி. காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை உலராது. கான்கிரீட் கூரை பகலில் வாங்கிய வெயிலை இரவு வெகுநேரம் அறைக்குள் இறக்கிக்கொண்டே இருக்கும். மொட்டை மாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பதும், கத்திரி வெயிலில் சூரியன் மறைந்ததும் தண்ணீர் தெளிப்பதும் செலவில்லாத வழிகள். படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு பத்து நிமிடம் வெதுவெதுப்பான நீரில் குளிப்பது தூக்கத்தை விரைவாக்கும் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. தோலுக்கு ரத்தம் வந்து, பிறகு உள்வெப்பம் இறங்குவதே காரணம். ஐஸ் தண்ணீர் தோலின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும், அது வேண்டாம். ஏசி இருந்தால் 26-இல் வைத்து மின்விசிறியும் ஓடட்டும். கொசுவத்திப் புகையைவிடக் கொசுவலை நல்லது. வலைக்குள் காற்று குறைவதால் பக்கவாட்டில் டேபிள் ஃபேன் வையுங்கள்.

மூலிகைகளைப் பற்றி. வெதுவெதுப்பான பால் குடியுங்கள், தவறில்லை. ஆனால் அதிலுள்ள டிரிப்டோபான் என்ற புரதக்கூறு தூக்கம் வரவைக்கும் அளவுக்கு இல்லை. ஜாதிக்காய் ஒரு சிட்டிகைக்கு மேல் போகக் கூடாது. ஐந்து கிராம் அளவுக்குப் போனால் நஞ்சு. நெஞ்சு படபடப்பு, வாந்தி, பிரமை வரும். கசகசா நம் சமையலில் உள்ளதுதான், ஆனால் வெளிநாட்டில் வேலை செய்யும் பிள்ளைகளுக்குப் பொட்டலம் கட்டிக் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள்: சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் அது தடை செய்யப்பட்ட பொருள். அமுக்கராவுக்குச் சிறிய ஆய்வுகளில் ஓரளவு பலன் தெரிந்திருக்கிறது. கர்ப்பிணிகள், தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் சித்த மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

எல்லாத் தூக்கக் கேட்டையும் இந்த முறை தீர்க்காது. குறட்டை பலமாக இருந்து, நடுவில் மூச்சு நின்று திணறி எழுவதை வீட்டார் பார்த்திருந்தால் அது தூக்கத்தில் மூச்சுத் தடை. அதற்குப் பரிசோதனை வேறு, சிகிச்சை வேறு. படுத்ததும் காலில் ஒரு குடைச்சல், அசைத்தால்தான் அடங்குகிறது என்றால் ரத்தத்தில் இரும்புச்சத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். சாப்பாட்டோடு டீ குடிக்கும் பழக்கம் இரும்பு சேர்வதைக் கெடுக்கும் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். சிறுநீருக்காக மூன்று நான்கு முறை எழுபவர்கள் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். பிரஷருக்கான நீர் மாத்திரையை மாலையில் எடுப்பவர்கள் அதைக் காலைக்கு மாற்றலாமா என்று மருத்துவரைக் கேட்க வேண்டும். விடியற்காலையில் விழிப்பு, எதிலும் பிடிப்பில்லாமை, வாழ்ந்து என்ன என்ற எண்ணம் மூன்றும் சேர்ந்தால் அது மனச்சோர்வு. 14416 என்ற டெலி-மனஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. ஜிப்மரிலும் அரசு மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. நெய்வேலிச் சுரங்கத்திலும் சிப்காட்டிலும் இரவு ஷிப்ட் பார்ப்பவர்களின் தொல்லை வேறு வகை, அதற்குத் தனியாகவே எழுத வேண்டும்.

ஏற்கெனவே தூக்க மாத்திரை எடுத்துக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு நாளைக்கே நிறுத்திவிட வேண்டாம். அல்பிரசோலம் போன்றவற்றை ஒரேயடியாக நிறுத்தினால் தூக்கம் முன்னைவிட மோசமாகும், வலிப்புகூட வரும். மருத்துவர் சொல்படி வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். மாத்திரையைத் தொடர்வதிலும் ஆபத்து உண்டு. இரவில் எழும் முதியவர்கள் தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறிவதற்கு அது ஒரு காரணம். அல்பிரசோலமும் சோல்பிடெமும் எச்1 பட்டியலில் உள்ள மருந்துகள். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது; யாருக்கு, யார் எழுதி, எவ்வளவு கொடுத்தோம் என்று மருந்துக் கடை தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். பழைய அட்டையைக் காட்டினாலே மாத்திரை கிடைக்கும் நிலை எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இந்தப் பதிவேட்டைத் திறந்து பார்க்க வேண்டும் என்று வலியுறுத்திக் கேட்கிறேன்.

அரசிடம் இன்னொரு கோரிக்கை. 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. அந்தப் பணியாளர்கள் கூடுதலாக இரண்டே கேள்வி கேட்கலாம்: வாரத்தில் எத்தனை இரவு தூக்கம் வருவதில்லை, குறட்டை உண்டா? ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியருக்கு இந்த நேரக் கணக்கைச் சொல்லிக்கொடுப்பது கடினமே அல்ல.

தங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள். ஞாயிறு இதழில் அரைப் பக்கம் ஒதுக்கி, பதினான்கு வரிசை கொண்ட தூக்கக் குறிப்பு அட்டவணை ஒன்றை அச்சிட்டுத் தாருங்கள். தேதி, படுத்த நேரம், தூக்கம் பிடிக்க ஆன நிமிடம், நடுவில் விழித்திருந்த மொத்த நிமிடம், கடைசியாக விழித்த நேரம், படுக்கையை விட்டு எழுந்த நேரம், பகல் தூக்கம், கடைசிக் காபி அல்லது டீ குடித்த நேரம், மது அல்லது மாத்திரை என்று ஒன்பது கட்டம் இருந்தால் போதும். வெட்டிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும்படி எழுத்து பெரிதாக இருக்கட்டும். இதை நிரப்பப் போகிறவர்களில் பாதிப் பேர் கண்ணாடி போடுபவர்கள்.

இப்படிக்கு,
மனநலத் துறையில் பணிபுரியும் வாசகர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.